முஸ்தபா தலைகீழாக ஓடினால்: பழைய கேம் மெஷினை வீட்டுக் கணினியில் ஓட்டும்போது வரும் கோளாறுகள்

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பெங்களூர் மர்ஃபி டவுனில் எங்கள் வீட்டு ஹாலில் அக்கா மகன் என் பழைய லேப்டாப்பை வைத்து முஸ்தபா என்ற பழைய வீடியோ கேமை ஆடிக்கொண்டிருந்தான். நான் சமையலறையில் காபி கலந்துகொண்டிருந்தேன். திடீரென்று ஒரு கத்தல்.

"மாமா, சீக்கிரம் வாங்க! லேப்டாப் தலைகீழா போச்சு!"

போய்ப் பார்த்தால் உண்மையாகவே திரை முழுவதும் தலைகீழாக நின்றது. ஆட்டம் மட்டும் இல்லை, கீழே இருக்க வேண்டிய டாஸ்க்பார் வரை மேலே போயிருந்தது. அவன் லேப்டாப்பையே கவிழ்த்துப் பிடித்து ஆட்டத்தைத் தொடரும் யோசனையில் இருந்தான்.

இது எமுலேட்டரின், அதாவது பழைய கேம் மெஷினைக் கணினிக்குள் நகல் எடுத்து ஓட்டும் மென்பொருளின், கோளாறு இல்லை. மேம் எமுலேட்டரில் முதல் ஆட்டக்காரருக்கு அடிக்கும் பட்டன் இடது கன்ட்ரோல், குதிக்கும் பட்டன் இடது ஆல்ட். முஸ்தபா ஆட்டத்தில் ஆபத்து நேரத்தில் இரண்டையும் சேர்த்து அமுக்கினால்தான் சுழன்று அடிக்கும் விசேஷ அடி வரும். அந்த நேரம் கை அம்புக்குறி விசையின் மேலும் இருக்குமல்லவா? கன்ட்ரோல், ஆல்ட், அம்புக்குறி மூன்றும் சேர்ந்தால், இன்டெல் கிராஃபிக்ஸ் உள்ள பழைய விண்டோஸ் லேப்டாப்புகளில் அது திரையைத் திருப்பும் குறுக்குவழி. கன்ட்ரோல், ஆல்ட், மேல் அம்பு அமுக்கினேன், நிமிர்ந்துவிட்டது. அப்புறம் இன்டெல் கிராஃபிக்ஸ் அமைப்பில் போய் ஹாட்கீயை அணைத்தேன். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இதே மூன்று விசையில் ஆட்டம் காணாமல் போய் வேறொரு காலி டெஸ்க்டாப் வந்து நிற்கும். அதற்கும் மருந்து இதுதான், அந்தக் குறுக்குவழியை எடுத்துவிட வேண்டும்.

தெரியாதவர்களுக்கு: நம் ஊர்க் கடைகளில் முஸ்தபா என்று கூப்பிட்ட ஆட்டத்தின் நிஜப் பெயர் கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ். கேப்காம் 1993-ல் வெளியிட்டது. தேர்ந்தெடுக்கக் கிடைக்கும் நான்கு பேரில் ஒருவர் முஸ்தபா கெய்ரோ. பையன்கள் மொத்த ஆட்டத்துக்கும் அவர் பெயரையே வைத்துவிட்டார்கள்.

எதில் கை வைப்பதற்கு முன்னும்

மேம் என்பது 1997 பிப்ரவரியில் நிக்கோலா சால்மோரியா என்ற இத்தாலியர் வெளியிட்ட எமுலேட்டர். 2016 முதல் திறந்த மூல மென்பொருள். அது ஆட்டத்தை நகல் எடுப்பதில்லை, ஆட்டம் ஓடிய போர்டை நகல் எடுக்கிறது. அந்த போர்டில் இருந்த பிராசசர், சவுண்டு சிப், காசு போடும் ஸ்விட்ச், கடைக்காரர் அமைப்புகளை மாற்றப் பின்னால் இருந்த குட்டி டிப் ஸ்விட்ச் வரை எல்லாமே மென்பொருளாக உள்ளே இருக்கின்றன. அதனால் கோளாறு என்று வருவதில் பாதி, அந்த மெஷின் 30 வருஷத்துக்கு முன்பு கடையில் என்ன செய்ததோ அதுவேதான். இதைத் தெரிந்துகொண்டால் நிறைய நேரம் மிச்சம்.

சந்தேகப்பட வேண்டியவர்கள் மூன்று பேர்: எமுலேட்டர், ரோம் கோப்பு (போர்டின் சிப்புகளிலிருந்து எடுத்த ஆட்டம்), உங்கள் கணினி. முதல் இரண்டையும் பிரிக்க ஒரு சுலப வழி இருக்கிறது. மேம் குழுவின் சொந்தத் தளத்திலேயே, உரிமையாளர்கள் அனுமதித்த சில ஆட்டங்களின் ரோம்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. 1981-ல் வந்த ராபி ரோட்டோ அதில் ஒன்று, கிரிட்லீ இன்னொன்று. ராபி ரோட்டோவை இறக்கி, ஜிப்பைப் பிரிக்காமல் ரோம்ஸ் கோப்புறையில் போட்டு ஓட்டுங்கள். அது ஓடி, உங்கள் ஆட்டம் ஓடவில்லை என்றால் எமுலேட்டர் மேல் பழி இல்லை. அதுவும் ஓடவில்லை என்றால் கோப்புறையின் பாதை தப்பு, அல்லது எமுலேட்டர் சரியாக இறங்கவில்லை. மற்ற ஆட்டங்களின் ரோம்களுக்கு உரிமையாளர்கள் இருக்கிறார்கள். அவற்றை எங்கே எடுப்பது என்று கேட்டு யாரும் என்னிடம் வராதீர்கள்.

"கோப்பு கிடைக்கவில்லை" என்று சொல்லி நின்றுவிடுகிறது

எனக்கு வரும் போன்களில் முக்கால்வாசி இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

ஒரு ஆட்டத்தின் ரோம் என்பது ஒரே கோப்பு இல்லை. போர்டில் இருந்த ஒவ்வொரு சிப்பிலிருந்தும் எடுத்த தனித்தனிக் கோப்புகளை ஒரு ஜிப்பில் கட்டி வைத்திருக்கிறார்கள். மேம் அதைத் திறந்து ஒவ்வொன்றின் கைரேகையையும் தன் பட்டியலோடு ஒப்பிடும். உள்ளே இருக்கும் கோப்பின் பெயரைவிட அந்தக் கைரேகைதான் அதற்கு முக்கியம். ஆனால் ஜிப்பின் பெயர் மட்டும் மிகச் சரியாக இருக்க வேண்டும். முஸ்தபாவுக்கு அது டினோ (dino). நீங்கள் அழகாக "முஸ்தபா" என்று பெயர் மாற்றி வைத்தால் அதற்கு அடையாளமே தெரியாது.

விண்டோஸில் கோப்பின் கடைசி ஒட்டு மறைந்தே இருக்கும். பெயர் மாற்றும்போது நீங்களும் ஒரு ஜிப் என்று சேர்த்துவிட்டால் அது டினோ டாட் ஜிப் டாட் ஜிப் ஆகிவிடும். ஜிப்புக்குள் இன்னொரு ஜிப் இருப்பதையும் பார்த்திருக்கிறேன். ஒரு தடவை திறந்து பாருங்கள். உள்ளே நேரடியாகச் சின்னச் சின்னக் கோப்புகள் தெரிய வேண்டும்.

இதெல்லாம் சரி, ஆனாலும் பிழை வருகிறதா? திரையில் வரும் வரியைக் கடைசி வரை படியுங்கள். பலர் முதல் இரண்டு சொல்லோடு நிறுத்திவிடுகிறார்கள். நமக்கு வேண்டிய விஷயம் கடைசியில்தான் இருக்கிறது. "நாட் ஃபவுண்ட்" என்பதற்குப் பின்னால் "ட்ரைட் இன்" என்று போட்டு, எந்தெந்த ஜிப்பில் தேடியது என்றும் அது சொல்லும்.

அங்கே நியோஜியோ என்று இருந்தால் விஷயம் எளிது. எஸ்என்கே நிறுவனத்தின் நியோஜியோ மெஷினில் ஆட்டம் ஒரு கேசட், மெஷினைக் கிளப்பும் அதன் சொந்த நிரலான பயாஸ் வேறு. மெட்டல் ஸ்லக் ஜிப் மட்டும் இருந்தால் கேசட் இருக்கிறது, மெஷின் இல்லை என்று அர்த்தம். நியோஜியோ என்ற பெயரிலேயே ஒரு ஜிப் அதே கோப்புறையில் இருக்க வேண்டும். அதையும் பிரிக்கக் கூடாது.

டிஎல்-1425 என்ற கோப்பு இல்லை, கியூசவுண்ட் என்று ஏதோ ஒன்றில் தேடினேன் என்று சொன்னால், அது முஸ்தபா ஆடுகிறவர்களுக்கே உரிய தலைவலி. அந்த போர்டில் கியூசவுண்ட் என்ற ஒலிச் சிப் இருந்தது. அதன் உள்ளே இருந்த நிரலை இப்போதைய மேம் தனி ஜிப்பாகக் கேட்கிறது. பழைய பதிப்புகள் கேட்டதில்லை. அதனால்தான் "பத்து வருஷமா ஓடின ஃபைல், இப்ப ஓடலை" என்று புலம்பல் வருகிறது. ஃபைல் கெடவில்லை, கேள்வி மாறிவிட்டது.

வேறொரு ஆட்டத்தின் பெயர் வந்தால் அது தாய் ஆட்டம். மேம் கணக்கில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு தாய், அதன் நாட்டுக்கு நாடு மாறிய வடிவங்கள் எல்லாம் பிள்ளைகள். பிள்ளையின் ஜிப்பில் வித்தியாசமான கோப்புகள் மட்டுமே இருக்கும், மீதியைத் தாயிடம் போய் எடுத்துக்கொள்ளும். உலகமே பேக்மேன் என்று சொல்லும் ஆட்டம் மேமில் பிள்ளைதான். தாய், ஜப்பானில் 1980-ல் நம்கோ வெளியிட்ட பக்மேன். தாயின் ஜிப் இல்லாமல் பேக்மேன் திறக்காது.

கோப்பு இருக்கிறது, ஆனால் "ராங் செக்சம்ஸ்" என்று வந்தால் கைரேகை பொருந்தவில்லை. பெரும்பாலும் பதிப்புத் தகராறு. மேம் ஏறக்குறைய மாதம் ஒரு பதிப்பு விடுகிறது. ஏதாவது ஒரு சிப்பை யாராவது இன்னும் சரியாகப் படித்தால் பட்டியலும் மாறும். பல எமுலேட்டர்களை ஒரே இடத்தில் ஓட்டும் ரெட்ரோஆர்க் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனிக்க வேண்டும். அதில் ஒவ்வொரு எமுலேட்டருக்கும் கோர் என்று பெயர். மேம் 2003 என்று ஒரு கோர் இருக்கும், அது 0.78 பதிப்பின் ரோம்களைத்தான் ஏற்கும். மேம் 2010 என்பது 0.139. புதிய ரோமைப் பழைய கோரில் போட்டால் திரை கறுப்பாகி, காரணம்கூடச் சொல்லாமல் மெனுவுக்கே திரும்பிவிடும். எந்தக் கோர், எந்தப் பதிப்பு என்று ஒரு தாளில் எழுதி மானிட்டரில் ஒட்டி வையுங்கள். நான் ஒட்டியிருக்கிறேன்.

கில்லர் இன்ஸ்டிங்ட் மாதிரி ஹார்டு டிஸ்க் வைத்திருந்த மெஷின்களுக்கு ரோம் ஜிப்போடு சிஎச்டி என்ற பெரிய கோப்பும் வேண்டும். அதை ரோம்ஸ் கோப்புறைக்குள் ஆட்டத்தின் பெயரில் ஒரு துணைக் கோப்புறை போட்டு அதற்குள் வைக்க வேண்டும். வெளியே வைத்தாலோ ஜிப்பில் சுருக்கினாலோ தேடிக் கண்டுபிடிக்காது.

திறந்ததும் திரையில் குப்பை எழுத்து

சில நொடிகள் மட்டுமா? விட்டுவிடுங்கள். பேக்மேன் போர்டு கரண்ட் வந்ததும் தன் நினைவகத்தைச் சோதிக்கும். அந்தக் கிறுக்கல் திரையில் தெரிவது இயல்பு. கடைக்காரர் காலையில் முதலில் திறக்கும்போது போயிருந்தால் நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

மஞ்சள் அல்லது சிவப்புப் பின்னணியில் எச்சரிக்கை வந்தால் படியுங்கள். மஞ்சள் என்றால் ஒலியோ படமோ அரைகுறை, ஆடலாம். சிவப்பு என்றால் அந்த மெஷினை மேம் இன்னும் முழுதாக நகல் எடுக்கவில்லை. மணிக்கணக்கில் அமைப்புகளை நோண்டி ஒரு பயனும் இல்லை.

ரோபோட்ரான் போல வில்லியம்ஸ் கம்பெனியின் பழைய ஆட்டங்கள் முதல் தடவை "ஃபேக்டரி செட்டிங்ஸ் ரிஸ்டோர்டு" என்று சொல்லி நிற்கும். மெஷினில் பேட்டரியோடு இருந்த நினைவகம் காலியாக இருப்பதால் வரும் செய்தி அது. எஃப்3 அமுக்கி ரீசெட் செய்தால் போதும், அடுத்த தடவை வராது.

காசு போட முடியவில்லை

5 அமுக்கினால் காசு, 1 அமுக்கினால் ஆட்டம் ஆரம்பம். இரண்டாம் ஆளுக்கு 6, 2. மூன்றாம் ஆளுக்கு 7, 3. முஸ்தபாவை மூன்று பேர் சேர்ந்து ஆடலாம் என்பதே எங்கள் வீட்டில் நிறைய பேருக்குத் தெரியாமல் இருந்தது. கீபோர்டின் வலது ஓரத்து எண் பலகையில் இருக்கும் 5 வேலை செய்யாது, மேல் வரிசையில் இருப்பதுதான்.

விசைகளை மாற்ற டேப் அமுக்கினால் மெனு வரும். மாற்றி மாற்றிக் குழப்பிவிட்டீர்கள் என்றால் மேம் கோப்புறையில் சிஎஃப்ஜி என்ற துணைக் கோப்புறையில் அந்த ஆட்டத்தின் பெயரில் இருக்கும் கோப்பை அழித்துவிடுங்கள், பழைய நிலைக்கு வந்துவிடும். எஸ்கேப் விசையில் கை பட்டு ஆட்டம் பட்டென்று மூடிவிடுகிறது என்றால், மேமின் அமைப்புகள் இருக்கும் மேம் ஐஎன்ஐ கோப்பில் கன்ஃபர்ம் க்விட் என்ற வரியில் 0-ஐ 1 ஆக்குங்கள். கேட்டுவிட்டு மூடும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இது ரொம்ப அவசியம்.

அமுக்கினால் கேட்கவில்லை, அல்லது அமுக்காமலே நடக்கிறது

ஷிஃப்ட்டை ஐந்து தடவை தட்டினால் விண்டோஸ் ஸ்டிக்கி கீஸ் வேண்டுமா என்று ஒரு பெட்டியைத் திறக்கும். மேமில் நான்காம் பட்டன் இடது ஷிஃப்ட். ஸ்ட்ரீட் ஃபைட்டரில் உதையை விடாமல் தட்டினால் ஐந்து தடவை என்பது இரண்டு நொடி வேலை. விண்டோஸ் அமைப்பில் அந்தக் குறுக்குவழியை அணைத்து வையுங்கள். ஆல்ட்டும் ஸ்பேஸும் சேர்ந்தால் சாளரத்தின் மெனு விழும். முழுத்திரையில் இது நிறையப் பேரைக் குழப்பியிருக்கிறது. பட்டன்களை கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட்டிலிருந்தே விலக்கி எழுத்துகளுக்கு மாற்றிக்கொள்வது என் வழக்கம்.

இதைவிடப் பெரிய பிரச்சினை கீபோர்டின் உள்ளேயே இருக்கிறது. மூன்று பசங்க ஒரே கீபோர்டில் ஆடும்போது ஒருவன் மேலே போக அமுக்கினால் இன்னொருவன் அடி விழாது. உடனே "நீ என் கீயை அமுக்குற" என்று சண்டை. உண்மையில் யாரும் தப்பு செய்யவில்லை. விலை குறைந்த கீபோர்டில் விசைகளுக்குத் தனித்தனிக் கம்பி கிடையாது. வரிசையும் நெடுவரிசையுமாக ஒரு வலை இருக்கும். அந்த வலையின் மூன்று மூலைகள் ஒரே நேரத்தில் அமுங்கினால் நான்காவது மூலையும் அமுங்கியதா இல்லையா என்று அதற்குத் தெரியாது. அதனால் கீபோர்டு புதிய அமுக்கத்தை விழுங்கிவிடும். எந்த அமைப்பை மாற்றினாலும் இது தீராது. சோதிக்க நோட்பேடைத் திறந்து, மூன்று நான்கு எழுத்து விசைகளைச் சேர்த்து அமுக்கிப் பாருங்கள். எல்லாம் திரையில் விழாவிட்டால் அந்தக் கூட்டணி உங்கள் கீபோர்டில் வேலைக்கு ஆகாது.

தீர்வு இரண்டு. விசைகளை மாற்றி மாற்றி ஒத்துப்போகும் கூட்டணியைக் கண்டுபிடிக்கலாம், பொறுமை வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாவது கீபோர்டு ஒன்று செருகுங்கள். பெங்களூரில் கணினிச் சாமான் விற்கும் எஸ்.பி. ரோட்டில் பழைய கீபோர்டு ஒன்றைப் பேரம் பேசி வாங்கி வந்து செருகினேன். சண்டை நின்றது. இப்போது யார் முஸ்தபா என்பதில்தான் சண்டை.

ஜாய்ஸ்டிக் போட்டபின் பேக்மேன் மூலையில் மாட்டிக்கொள்கிறார்

பேக்மேன், டாங்கி காங் எல்லாம் நான்கு திசை ஸ்டிக்குக்காகச் செய்தவை. இப்போது கடையில் கிடைப்பவை எட்டுத் திசை. நீங்கள் மூலையில் திரும்பும்போது ஸ்டிக் ஒரு நொடி குறுக்குத் திசையில் நிற்கும். பழைய போர்டுக்கு மேலும் வலதும் சேர்ந்து வந்தால் என்ன செய்வது என்று தெரியாது. மேமில் ஜாய்ஸ்டிக் மேப் என்ற அமைப்பு குறுக்குத் திசையை நேர்த்திசையாக மாற்றிக் கொடுக்கும். ஸ்டிக்கின் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டைத் திருப்பி மாட்டும் வசதி இருந்தால் அது இன்னும் நல்லது, கையிலேயே வித்தியாசம் தெரியும்.

ஒரே மாதிரி இரண்டு ஸ்டிக் செருகியிருந்தால் கணினியை மறுபடி போடும்போது ஒன்று இரண்டாகவும் இரண்டு ஒன்றாகவும் மாறலாம். இரண்டுக்கும் ஒரே அடையாளம் இருப்பதால் கணினி எது முதலில் கண்ணில் பட்டதோ அதை முதலாவது என்கிறது. எந்த யுஎஸ்பி துளையில் எது என்று மாற்றாமல் வைத்தால் பெரும்பாலும் நிற்கும்.

அர்கனாய்டு ஆட்டத்தில் பந்தைத் தட்டும் கட்டையை அம்புக்குறியில் நகர்த்திப் பார்த்துவிட்டு "இந்த ஆட்டம் இவ்வளவு கஷ்டமா" என்பார்கள். அந்த மெஷினில் இருந்தது சுழற்றும் குமிழ். மேம் ஐஎன்ஐ கோப்பில் மவுஸ் என்ற வரியை 1 ஆக்கி மவுஸில் ஆடுங்கள். வேகம் பத்தவில்லை என்றால் டேப் மெனுவில் அனலாக் பகுதியில் கூட்டுங்கள்.

மெதுவாக ஓடுகிறது

எஃப்11 அமுக்குங்கள். மேலே ஒரு சதவீதம் தெரியும். அது 100 என்று இருக்கும்போதே ஆட்டம் மெதுவாக இருந்தால் உங்கள் கணினியில் ஒரு குறையும் இல்லை. 1998-ல் வந்த மெட்டல் ஸ்லக் 2 இதற்குப் பெயர்போனது. எதிரிகள் கூட்டமாக வந்து குண்டுகள் பறந்தால் ஆட்டம் சேற்றில் நடப்பதுபோல ஆகும். நிஜ மெஷினிலும் அப்படித்தான். அடுத்த வருஷம் மெட்டல் ஸ்லக் எக்ஸ் என்று திருத்தி வெளியிட்டார்கள். வேகம் வேண்டுமென்றால் அதை ஆடுங்கள்.

100-க்குக் கீழே போனால் பிராசசர் திணறுகிறது. இங்கே ஒரு தப்பெண்ணம் பரவலாக இருக்கிறது: கிராஃபிக்ஸ் கார்டு போட்டால் சரியாகிவிடும் என்று. பெரும்பாலும் ஆகாது. போர்டின் பிராசசரை நகல் எடுக்கும் வேலை உங்கள் பிராசசரின் ஒரே கோரில்தான் பெரும்பாலும் விழுகிறது. எட்டுக் கோர் இருந்தாலும் ஒரு கோரின் வேகமே கணக்கு. முப்பரிமாண ஆட்டங்களுக்குப் பழைய கணினி போதாது. கேப்காம், நியோஜியோ ஆட்டங்களுக்குப் போதும். அவை அப்படியும் திணறினால் பின்னணியில் வேறு ஏதோ ஓடுகிறது, அல்லது லேப்டாப் பேட்டரியில் மிச்சம் பிடிக்கிறது. சார்ஜரைச் செருகிப் பாருங்கள். ரொம்பப் பழைய கணினி என்றால் ஃபைனல்பர்ன் நியோ என்ற எமுலேட்டர் இலேசானது.

மாறாக எல்லாம் பேய் பிடித்த மாதிரி வேகமாக ஓடினால் யாரோ எஃப்10 அமுக்கியிருக்கிறார்கள். மறுபடி அமுக்குங்கள், அவ்வளவுதான்.

சத்தம் கரகரக்கிறது

முதலில் எஃப்11. வேகம் 100-க்குக் கீழே என்றால் ஒலி அறுபடும், அதற்கு மேலே சொன்னதே மருந்து. வேகம் சரியாக இருந்தும் கரகரத்தால் ஆடியோ லேட்டன்சி அமைப்பைக் கொஞ்சம் கூட்டுங்கள். அடி விழுந்தபின் சத்தம் தாமதமாக வந்தால் ப்ளூடூத் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டுக் கம்பி போட்டதை மாட்டுங்கள். சில பழைய ஆட்டங்களில் சில சத்தங்கள் மட்டும் இருக்காது. அந்த போர்டுகளில் ஒலியைச் சிப் தரவில்லை, டிரான்சிஸ்டரும் கெப்பாசிட்டருமே தந்தன. அதை மேம் நகல் எடுக்காத ஆட்டங்களுக்கு சாம்பிள்ஸ் கோப்புறையில் பதிவு செய்த ஒலி தனியாக வேண்டும்.

படம் சரியில்லை

ஓரங்களில் கறுப்புப் பட்டை. இது கோளாறே இல்லை, ஆனால் எங்கள் வீட்டில் பெரிய வழக்கு. "இவ்ளோ காசு போட்டு வாங்கின டிவில பாதி கறுப்பா இருக்கு" என்று அக்கா விடவே இல்லை. அந்தக் கால மானிட்டர் 4:3. கேப்காம் போர்டு 384க்கு 224 என்ற அளவில் படம் வரைந்து, அதை 4:3 கண்ணாடியில் ஒடுக்கிக் காட்டும். நீங்கள் அகலத் திரை முழுவதும் இழுத்தால் முஸ்தபா ஆறு மாதம் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டவர் மாதிரி ஆகிவிடுவார். கீப் ஆஸ்பெக்ட் அமைப்பு 1-ஆகவே இருக்கட்டும்.

பேக்மேன் நடுவில் ஒல்லியாக நின்றால் அதுவும் சரிதான், அந்த மெஷினில் மானிட்டரைச் செங்குத்தாக நிறுத்தியிருந்தார்கள்.

இரண்டாம் ஆளின் முறை வந்ததும் படம் தலைகீழாகிறதா? முதல் கதை மாதிரி தெரிந்தாலும் இது வேறு. டேப் மெனுவில் டிப் ஸ்விட்ச் பகுதியில் கேபினெட் என்பது காக்டெயில் என்று இருக்கும். டீக்கடை மேசைபோல எதிரெதிரே உட்கார்ந்து ஆடும் மெஷின் அது. எதிரில் இருப்பவருக்கு நேராகத் தெரிய வேண்டும் என்று படத்தைப் புரட்டுகிறது. அப்ரைட் என்று மாற்றுங்கள்.

பின்னணி நகரும்போது விட்டு விட்டுக் குதித்தால் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். உங்கள் மானிட்டர் நொடிக்கு 60 படம் காட்டுகிறது. கேப்காம் போர்டு சுமார் 59.6, நியோஜியோ 59.2, கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம். ஆனால் 1992-ன் மார்ட்டல் காம்பேட் சுமார் 54.7. ஆர்-டைப் 55. 55 படத்தை 60 இடத்தில் போட்டால் நொடிக்கு ஐந்து படம் இரண்டு தடவை வரும், அதுதான் அந்தத் தடக் தடக். சிங்க் ரெஃப்ரெஷ் என்ற அமைப்பைப் போட்டால் ஓட்டம் வழுவழுப்பாகிவிடும். ஆனால் மார்ட்டல் காம்பேட் பத்து சதவீதம் வேகமாகிப் பாட்டும் கீச்சுக் குரலுக்குப் போகும். படவேகத்தை மாற்றிக்கொள்ளும் மானிட்டர் இருந்தால் அது தனி சுகம். இல்லாதவர்கள் தடக் தடக்கோடு வாழலாம். நான் வாழ்கிறேன்.

புதிய 4கே டிவியில் எல்லா ஆட்டமுமே தடக்கினால் வேறு காரணம். பழைய லேப்டாப்பின் எச்டிஎம்ஐ 4கே படத்தை நொடிக்கு 30 தடவைதான் அனுப்பும். 1080-க்குக் குறைத்து 60 வையுங்கள். அமுக்கிய பிறகு தாமதமாகக் குதித்தால் அந்த டிவியின் ரிமோட்டிலேயே கேம் மோடைத் தேடிப் போடுங்கள். டிவி படத்தை அழகுபடுத்த எடுத்துக்கொள்ளும் நேரம் அது.

பேக்மேனில் 256-வது கட்டத்தில் திரையின் வலது பாதி எழுத்துக் குவியலாகிவிட்டது என்று யாராவது சொன்னால் முதலில் கை குலுக்குங்கள். கட்டத்தின் எண்ணை வைக்க அந்த போர்டு ஒரே ஒரு பைட்தான் ஒதுக்கியது, அது நிரம்பி வழிந்து பழங்களை வரையும் பகுதி தடம் புரள்கிறது. 1980 முதல் அப்படியேதான் இருக்கிறது, மேமும் அதை அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறது.

கரண்ட் போய் வந்தபின் ஆட்டம் திறக்கவில்லை

ஏப்ரல், மே மாத மழையில் இங்கே இது சகஜம். மேம் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அரைகுறையாக நிற்கும் கோப்பு ரோம் இல்லை. ரோமை அது படிக்க மட்டும்தான் செய்யும். மெஷினின் பேட்டரி நினைவகத்தைச் சேமிக்கும் என்விராம் கோப்புறையில் அந்த ஆட்டத்தின் பெயரில் இருப்பதை அழித்துப் பாருங்கள், அப்புறம் சிஎஃப்ஜி. ஹார்டு டிஸ்க் ஆட்டம் என்றால் டிஃப் கோப்புறையில் இருப்பதை. அதிக மதிப்பெண் பட்டியல் போய்விடும், வேறு வழியில்லை. எல்லாவற்றையும் மறுபடி இறக்கத் தொடங்குவதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

"நான் ஆடினது இது இல்லையே"

ஸ்ரீராமபுரத்திலிருந்து ஒரு பழைய நண்பர் வந்தார். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 போட்டுக் கொடுத்தேன். ஐந்து நிமிஷத்தில் முகம் சுருங்கிவிட்டது.

"டேய், இது டூப்ளிகேட்டுடா. எங்க ஏரியா கடைல ரியூ காத்துல பறந்துக்கிட்டே நெருப்பு விடுவான். ஸ்டார்ட் பட்டனைத் தட்டினா நடுச் சண்டைல ஆளே மாறுவான்."

நிஜத்தில் அவர் ஆடியதுதான் டூப்ளிகேட். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-ன் சாம்பியன் எடிஷன் என்ற வடிவத்தை யாரோ கள்ளத்தனமாக மாற்றி விற்ற போர்டு அது, ரெயின்போ என்று பெயர். அதையும் யாரோ சிப் சிப்பாகப் படித்து வைத்திருக்கிறார்கள். மேமில் அது எஸ்எஃப்2ஆர்பி, தாய் எஸ்எஃப்2சிஇ. தாயின் ஜிப் கூடவே இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். அன்றைக்கு நான் மறந்துபோய் "நாட் ஃபவுண்ட்" வந்து, நண்பர் முன்னால் பத்து நிமிஷம் அசடு வழிந்தேன்.